உள்ளே தங்கிவிட்டவள்

இரத்தினவேலுக்கு வந்திருந்த வருத்தத்துக்கு மருந்தே கிடையாது. சர்க்கரை என்றால் சோற்றைக் குறைக்கலாம். பிறஷர் என்றால் உப்பைக் குறைக்கலாம். அமெரிக்க சரித்திரம் என்றால் எதைக் குறைப்பது? டக்சி ஓடுவதை விட்ட மற்ற மனிதர்கள் கோயில் நிர்வாகத்துக்குள் புகுந்து சண்டை பிடிப்பார்கள், அல்லது மோலில் குந்தியிருந்து கோப்பியை ஆற்றி ஆற்றிக் குடிப்பார்கள். இவர் என்னவென்றால் டொரோண்டோவின் மல்வேர்ன் நூலகத்திலிருந்து தலையணைக் கனத்துக்குப் புத்தகங்களைக் காவிக்கொண்டு வந்து படிப்பார். படித்த இடத்தைக் கண்ணால் பார்க்காவிட்டால் நித்திரை வராது என்று அடுத்த சனிக்கிழமை காரை எடுத்துவிடுவார். பக்கத்தில் அவர் மனைவி யோகராணி, பின் இருக்கையில் புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், பெரிய பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணீர்.

போன வருடம் பிலடெல்பியா. அமெரிக்கர்களின் பழைய சுதந்திர மணியைப் பார்க்க எட்டு மணித்தியால ஓட்டம்.

"வெடிச்ச மணியையோ பாக்க வந்தனாங்கள்?" என்று யோகராணி கேட்டாள். "எங்கட கோயில் மணி வெடிச்சிருந்தால் அண்டைக்கே கழட்டி மாத்தியிருப்பினம்."

"யோகம், சும்மா இரும்." இரத்தினவேல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து அதிபருக்கு முன்னால் நிற்பவர்போல நின்றார். கண் கலங்கியிருந்தது. அதற்கு முந்திய வருடம் கெற்றிஸ்பேர்க். அங்கே பார்க்க மணியும் இல்லை. எப்போதோ போர் நடந்த வெறும் புல்வெளி. அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு இந்த மனிதர் முக்கால் மணித்தியாலம் நின்றார் என்றால் நம்புவீர்களா? யோகராணி மர வாங்கில் குந்தியிருந்து புட்டைச் சாப்பிட்டு முடித்தாள். செத்துப்போன வெள்ளைக்காரரின் வீடுகளையும் வயல்களையும் பார்த்து நமக்கு என்ன வரப்போகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. அதை அவரிடம் கேட்டும் இருக்கிறாள்.

கேட்காத ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் எல்லைப் பாலத்தில் கார் வரிசையில் நிற்கும்போது அவளுக்கு உள்ளங்கை இரண்டும் நனைந்துவிடும். கனேடியப் பாஸ்போட் எடுத்து இருபத்தைந்து வருடமாகிறது. படம் அவளுடையது, பெயர் அவளுடையது, ஒரு குற்றம் குறை கிடையாது. ஆனால் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் அதிகாரி குனிந்து முகத்தைப் பார்த்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். மனிசிக்குக் கார் பயணம் ஒத்துவரவில்லை என்று நினைத்து இரத்தினவேல் இஞ்சி ரொபி ஒன்றை எடுத்து நீட்டுவார். அவளும் வாங்கிச் சூப்புவாள்.

விஷயம் இதுதான். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு யோகராணி கனடாவுக்கு வரும் வழியில் அமெரிக்காவுக்குள் நுழைந்தது இன்னொரு பெண்ணின் பாஸ்போட்டில்.

அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் இடைவழி விமான நிலையம் ஒன்றில் 'ரொயிலற்றுக்குப் போயிட்டு வாறன்' என்று போனவன் போனவன்தான். கையில் இருந்த கள்ளப் பாஸ்போட்டோ சின்னப் பிள்ளை ஒட்டினதுபோல இருந்தது. திருப்பி அனுப்பினால் கொழும்பில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு தமையன்மாரைக் கொண்டுபோன இடம் இன்றுவரை தெரியாத வீடு அது. விமானத்தில் பக்கத்து இருக்கையில் வந்த மெலனி என்ற மன்னார்ப் பெண்ணிடம் அழுதழுது இதைச் சொன்னாள். மெலனிக்கு இருபத்தேழு வயது. நியூயோர்க்கில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்து, முறையான விசாவோடு போய்க்கொண்டிருந்தவள். பதினொரு மணித்தியாலப் பழக்கம். பயத்தில் தன் பெயரைக்கூட 'ராணி' என்று மட்டும்தான் யோகராணி சொல்லியிருந்தாள்.

அந்த இடைவழி விமான நிலையத்துப் பெண்கள் கழிப்பறைக்குள் வைத்து மெலனி தன் நீலச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். பிறகு பாஸ்போட்டையும் ரிக்கற்றையும் கொடுத்தாள்.

"எனக்கு என்ன, பாஸ்போட்டை ஆரோ களவெடுத்திட்டினம் எண்டு சொல்லுவன். என்னைத் திருப்பி அனுப்பினாலும் ஆமிக்காரர் என்னைத் தேடமாட்டினம். உம்மைத் தேடுவினம். நேரா நடவும். திரும்பிப் பாக்காதேயும்," என்றாள் மெலனி. "ஒண்டு மட்டும் செய்யும். போய்ச் சேர்ந்த உடன மடு மாதா கோயில் சாமியாற்ற விலாசத்துக்கு ஒரு வரி எழுதிப் போடும். நீர் தப்பினது எனக்குத் தெரியவேணும்."

யோகராணி நேராக நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எழுதவும் இல்லை.

அமெரிக்க எல்லை நகரமான பவலோவில் அகதிகள் தங்கியிருந்த வீட்டில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். கடிதத்தை உடைத்துப் பார்ப்பார்களாம், அந்தப் பெண் மறியலுக்குப் போவாளாம், உன்னையும் திருப்பி அனுப்புவார்களாம். பாஸ்போட்டைக் கிழித்துப் போட்டாள். கனடாவுக்குள் வந்து அகதிக் கோரிக்கை முடியட்டும் என்று இருந்தாள். அது முடிய, குடியுரிமை கிடைக்கட்டும் என்று இருந்தாள். அது கிடைக்கும்போது ஏழெட்டு வருடம் போய்விட்டது. இனி எந்த முகத்தோடு எழுதுவது? பயம் போன இடத்தில் வெட்கம் வந்து குந்தியது. இந்த வெட்கம் இருக்கிறதே, அது பயத்தைவிடப் பொல்லாதது. இரத்தினவேலிடம்கூட அவள் சொல்லவில்லை. ஏஜென்சிக்காரன் கொண்டுவந்து விட்டான் என்றுதான் அவருக்குக் கதை.

நாலு கிழமைக்கு முன் வெக்ஸ்போர்ட்டில் ஒரு மீன்கடை. "தலையை எறியாதேயும் தம்பி, தனிய வையும்," என்று ஒரு குரல் கேட்டது. யோகராணி திரும்பிப் பார்த்தாள். நரைத்த தலை, தடித்த உடம்பு. ஆனால் குரல் அதே குரல். "ஓம் மெலனி அக்கா," என்றான் மீன் வெட்டுகிறவன். யோகராணி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். ஐம்பத்தாறு வயதுப் பெண், முதியோர் இல்லத்தில் ஆறு பேருக்கு மேற்பார்வை செய்கிறவள், பாசுமதி மூட்டைக்குப் பின்னால் குனிந்திருந்தாள். மெலனி போன பிறகு மீன்காரனிடம் மெதுவாக விசாரித்ததில், எதிரே இருக்கும் மண்ணிறக் கட்டடத்தில் ஏழாம் மாடி, தமக்கையின் மகன் ஸ்பொன்சர் பண்ணி வந்து நாலு வருடம் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு மூன்று தரம் வேலை முடிந்து அந்தக் கட்டடத்து வாசல் வரைக்கும் போனாள். மூன்று தரமும் பெயர்ப் பலகையில் இருந்த மணிப் பொத்தானில் விரலை வைத்தாள். அமத்தவில்லை. பஸ் எடுத்து வீட்டுக்கு வந்து உலையை வைத்தாள். தினமும் அதே நினைவு. போவதா, விடுவதா? போனால் அந்த மனுஷி முகத்தில் காறித் துப்பினாலும் வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும். போகாவிட்டால்? இத்தனை வருடம் போகாமல் இருக்கவில்லையா என்று மனம் தட்டிக்கொடுக்கும். அந்தத் தட்டிக்கொடுப்புத்தான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இந்த நிலைமையில்தான் இரத்தினவேல் ஐப்பசிக் கடைசியில் ஒரு புதுக்கதையோடு வந்தார்.

"இஞ்சேரும் யோகம், இந்தமுறை எல்லை தாண்டத் தேவையில்லை. அமெரிக்க சரித்திரம் எங்கட டவுன்டவுனுக்குள்ளயே கிடக்குதாம். சனிக்கிழமை காலமை நடந்து திரிஞ்சு காட்டுகினம். ஓசி."

"நடக்கிறதோ? இந்தக் குளிருக்கோ?"

"உமக்கு இஞ்சி ரொபி தேவைப்படாது எண்டு நினைச்சன்."

சரி, பாலம் இல்லை என்றால் வருகிறேன் என்று அவளும் கிளம்பினாள்.

சாக்வில் வீதியும் ஈஸ்டேர்ன் அவெனியூவும் சந்திக்கிற மூலை. மேலே நெடுஞ்சாலைப் பாலத்தில் கார்கள் இரைந்துகொண்டு போயின. கீழே ஒரு பழைய செங்கல் பள்ளிக்கூடம், அதற்கு ஒரு வேலி, ஒரு அறிவிப்புப் பலகை. பார்த்தால் ஒன்றும் இல்லாத இடம். பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். நடத்தியவர் எழுபது வயது மதிக்கத்தக்க கறுப்பினப் பெண்மணி, தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. தன்னுடைய முன்னோரும் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி ஓடிவந்தவர்கள்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"நீங்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், இந்தப் பள்ளிக்கூட முற்றத்துக்குக் கீழே, ஒரு வீடு இருந்தது," என்று அவர் ஆங்கிலத்தில் தொடங்கினார். "1985ஆம் ஆண்டு அதைத் தோண்டி எடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் வந்து மண் அரித்தார்கள். வீட்டுக்காரரின் பெயர் தோர்ன்டன் பிளாக்பேர்ன். மனைவி லூசி. கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். தோர்ன்டன் 1837இல் இந்த நகரத்தில் ஒரு தொழில் தொடங்கினார். சிவப்பும் மஞ்சளும் அடித்த பெட்டி வண்டி, ஒரு குதிரை, உள்ளே நாலு பேர் இருக்கலாம். டொரோண்டோவின் முதல் டக்சி அதுதான்."

இரத்தினவேலின் வாய் திறந்தபடி நின்றது. வெள்ளைக்கார ஜனாதிபதிமாருக்கு முன்னால் கை கட்டி நின்ற மனிதர் அவர். இங்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"முப்பது வருசம்," என்று அவர் யோகராணியின் காதுக்குள் சொன்னார்.  "இந்த மூலையால பத்தாயிரம் தரம் போயிருப்பன் யோகம். சிவப்பு லைற்றில நிண்டு கொட்டாவி விட்டிருப்பன். எங்கட முதல் ஆள் இதுக்குள்ள படுத்து எழும்பியிருக்கிறார், எனக்குத் தெரியாமல் போச்சே!"

என்ன செய்கிறார் என்று யோகராணி பார்ப்பதற்குள் குனிந்து சப்பாத்து இரண்டையும் கழற்றிவிட்டார். நாலு பாகை குளிர். வெறும் காலுறையோடு நடைபாதையில் நின்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"ஏதும் பிரச்சினையா?" என்று வழிகாட்டி கேட்டார்.

"இல்லை மடம். நானும் இந்த ஊரில் டக்சி ஓடினவன். எங்கள் ஆட்கள் இப்படியான இடத்தில் சப்பாத்தோடு நிற்பதில்லை," என்றார் இரத்தினவேல். வழிகாட்டி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் மிச்சக் கதையைச் சொன்னார்.

வேறு நேரம் என்றால் யோகராணி வெட்கத்தில் வேலிக்குப் பின்னால் போயிருப்பாள். இன்று அப்படித் தோன்றவில்லை. ஏதோ ஒன்று அவளையும் பிடித்துக்கொண்டது. கென்டக்கியில் லூசியைத் தெற்கே விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் பட்டப்பகலில் நீராவிக் கப்பல் ஏறினார்களாம். எப்படி ஏறினார்கள்? தாங்கள் சுதந்திரமானவர்கள் என்று பொய்யாக எழுதின பத்திரத்தைக் காட்டி.

"கள்ளப் பேப்பர்!" இரத்தினவேல் தமிழில் கத்தியேவிட்டார். "அப்பவே கள்ளப் பேப்பரில வந்திருக்கினம்!"

யோகராணி சிரிக்கவில்லை. உள்ளங்கை நனையத் தொடங்கியிருந்தது. பாலமும் இல்லை, கண்ணாடிக் கூண்டும் இல்லை.

"டெட்ரோயிட்டில் இரண்டு வருடம் ஒழுங்காக இருந்தார்கள்," என்று வழிகாட்டி தொடர்ந்தார். "பிறகு யாரோ அடையாளம் கண்டு காட்டிக்கொடுத்தார்கள். இரண்டு பேரையும் சிறையில் போட்டு, கென்டக்கிக்குத் திருப்பி அனுப்பத் தீர்ப்பாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்க்க இரண்டு பெண்கள் சிறைக்குப் போனார்கள். அதில் ஒருவர் மிஸிஸ் பிரெஞ்ச். அறைக்குள் இருந்து பொழுதுபட்ட பிறகு இரண்டு பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு அழுதபடி வெளியே போனார்கள். காவல்காரன் விட்டுவிட்டான். காலையில் பார்த்தால் உள்ளே இருப்பது லூசி இல்லை. மிஸிஸ் பிரெஞ்ச் தன் உடுப்பை லூசிக்குக் கொடுத்துவிட்டு, லூசியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்துவிட்டார். அந்நேரம் லூசி ஆற்றைத் தாண்டிக் கனடாவுக்குள் வந்தாயிற்று."

வேலிக் கம்பியை யோகராணி இறுக்கிப் பிடித்தாள். நெஞ்சுக்குள் ஏதோ மேலே மேலே எழும்பியது. பயம் என்று முதலில் நினைத்தாள். பயம் இல்லை. நூற்றுத்தொண்ணூறு வருடங்களுக்கு முன்னால், கென்டக்கி எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாத ஒரு நாட்டில், ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். இது உலகத்தில் தனக்கு மட்டும், ஒரு கழிப்பறைக்குள், ஒருவருக்கும் தெரியாமல் நடந்த விஷயம் என்று அவள் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள். அது இங்கே பலகையில் எழுதி, தொப்பி கழற்றி, நடுத்தெருவில் நின்று சொல்கிற சரித்திரமாக இருந்தது. ஐயோ கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னாள்.

மிச்சக் கதையில் அடுத்த நாள் ஊரே திரண்டு தோர்ன்டனை மீட்டது வந்தது. கனடா அவர்களைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்றது வந்தது. சில வருடம் கழித்துத் தோர்ன்டன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்த் தாயைக் கூட்டிவந்ததும் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். யாருக்காவது கேள்வி உண்டா என்று வழிகாட்டி கேட்டார்.

இரத்தினவேல் கையை உயர்த்தினார். "அந்த வண்டிக்கு லைசன்ஸ் கொடுத்தது யார்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க முதல் யோகராணி கேட்டாள். முதியவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிப் பழகிய ஆங்கிலம் அவளுடையது. கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறந்தவள் இல்லை.

"அந்த மிஸிஸ் பிரெஞ்சுக்கு என்ன நடந்தது?"

வழிகாட்டி அவளை உற்றுப் பார்த்தார். "நல்ல கேள்வி. அதிகம் பேர் கேட்பதில்லை. லூசிக்குப் பதிலாக உன்னையே விற்றுவிடுவோம் என்று மிரட்டினார்களாம். பிறகு நீதிமன்றம் விட்டதும் அவரும் ஆற்றைக் கடந்து கொஞ்சக் காலம் கனடாவில் ஒதுங்கியிருந்தார் என்கிறார்கள்."

"லூசி பிறகு அவரைப் போய்க் கண்டாரா? கடிதம் எழுதினாரா?"

"எங்களுக்குத் தெரியாது. லூசிக்கும் தோர்ன்டனுக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. அவர்கள் கைப்பட எழுதின ஒரு கடிதம்கூட இல்லை."

யோகராணி தலையாட்டினாள். எழுதத் தெரியாதவள் எழுதவில்லை, அதை யார் குறை சொல்ல முடியும்? பள்ளிக்கூடச் சோதனையில் தமிழுக்கு அதிதிறமைச் சித்தி எடுத்தவள் எழுதாததற்கு என்ன பெயர்?

அங்கிருந்து இரத்தினவேல் காரை நேரே பழைய மயானத்துக்கு விட்டார். முதல் டக்சிக்காரரைக் கும்பிடாமல் வீட்டுக்குப் போவதா? கல்லறையைத் தேடிப் பிடிக்க அரைமணித்தியாலம் சென்றது. உயர்ந்த கல். மேப்பிள் இலைகள் சுற்றிவரக் கொட்டிக்கிடந்தன. இரத்தினவேல் கையால் இலைகளை அள்ளி ஒதுக்கி, விழுந்து கும்பிடாத குறையாக நின்றார்.  யோகராணி கல்லை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். தோர்ன்டன் இருந்தார், லூசி இருந்தாள். நாலு பக்கமும் பார்த்தாள், இன்னொரு தரமும் பார்த்தாள்.

"என்ன தேடுறீர்?"

"அந்த மனிசியின்ர பேர் இல்லை."

"எந்த மனிசி?"

"உள்ளுக்கு இருந்த மனிசி." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இரத்தினவேல் பதறிப்போனார். முப்பது வருடக் கலியாணத்தில் சரித்திரம் பார்த்து இவள் அழுது அவர் கண்டதில்லை.

காருக்குள் வைத்துச் சொன்னாள். நீலச் சட்டை, மூக்குக்கண்ணாடி, ரிக்கற், மடுச் சாமியாரின் விலாசம், அரிசி மூட்டை, மூன்று தரம் விரல் வைத்த பெயர்ப் பலகை. ஒன்றையும் விடவில்லை. இரத்தினவேல் ஸ்டியறிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் இனி என்னோடு கதைக்கமாட்டார் என்று யோகராணி நினைத்தாள்.

"இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை," என்றார் கடைசியில்.

"பயமா இருந்தது."

"என்னிலயோ?"

"எல்லாத்திலயும்."

"நான் உம்மைப் பிலடெல்பியாவுக்குக் கூட்டிக்கொண்டு போறன், கெற்றிஸ்பேர்க்குக்குக் கூட்டிக்கொண்டு போறன். நீர் உந்தச் சரித்திரத்தை மடியில வச்சுக்கொண்டு பேசாமல் புட்டுச் சாப்பிட்டனீரே!" அவருக்குக் கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. மூக்கைச் சீறினார். காரை முடுக்கினார். "வெக்ஸ்போர்ட்டில எந்தக் கட்டடம்?"

"இண்டைக்கு வேண்டாம். வெறுங்கையோட..."

"அந்த மனிசி உமக்குச் சட்டை தரேக்க கடைக்குப் போய்ப் பழம் வாங்கிக்கொண்டு வந்தே தந்தது? எந்தக் கட்டடம், சொல்லும்."

நாலாம் தரமாக யோகராணி அந்தப் பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்றாள். இந்த முறை அமத்தினாள்.

"ஆர்?" சின்ன ஒலிபெருக்கிக்குள் அந்தக் குரல்.

"அக்கா, நான்... ராணி. தொண்ணூத்தொண்டாம் ஆண்டு. எயாப்போட்டில உங்கட பாஸ்போட்..."

சத்தம் இல்லை. கதவும் திறக்கவில்லை. யோகராணி நின்றாள். இரத்தினவேல் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். திறக்கமாட்டார், திறக்கத் தேவையும் இல்லை, இதற்குத்தான் வந்தேன் என்று யோகராணி தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போது கண்ணாடிக் கதவுக்கு அப்பால் லிப்ட் திறந்தது. வீட்டுச் சட்டை, இரண்டு காலிலும் இரண்டு விதச் செருப்பு. மெலனி அக்கா தானே இறங்கி வந்திருந்தார்.

கதவைத் திறந்தார். கையை நீட்டி யோகராணியின் கன்னத்தைத் தொட்டார். இரண்டு கன்னத்தையும் தொட்டார். கையைப் பிடித்து நாடியில் விரல் வைத்தார்.

"சூடா இருக்கு," என்றார். "உயிரோட இருக்கிறீர்."

பிறகுதான் அடி விழுந்தது. தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. பலமான அடி இல்லை. ஆனால் முப்பத்துமூன்று வருட அடி. "ஒரு வரி! ஒரு வரி எழுத உமக்குக் கை முறிஞ்சு போச்சோ? ஆ? கை முறிஞ்சு போச்சோ?"

"ஓம் அக்கா. அடியுங்கோ. நல்லா அடியுங்கோ."

வாசலில் ஒரு பழைய சோபா கிடந்தது. மூன்று பேரும் அதில் இருந்தார்கள். மெலனி அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். மூன்று கிழமை அடைத்து வைத்துத் திருப்பி அனுப்பினார்களாம். மன்னாரில் போய் இருந்துகொண்டு மாதம் ஒரு தரம் மடுவுக்குப் போய்ச் சாமியாரைக் கேட்பாராம். கடிதம் இல்லை. அடுத்த வருடம் ஊருக்குள் ஒரு கதை வந்ததாம், அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குக் களவாகப் போன பெட்டை ஒருத்தி ஆற்றில் போய்விட்டாள் என்று. பெயர் இல்லை, ஊர் இல்லை.

"நீர்தான் எண்டு நினைச்சன். அது நீர்தான் எண்டு முடிவே கட்டிப்போட்டன். என்ர சட்டையைப் போட்டுக்கொண்டு செத்துப்போனீர் எண்டு. பேசாமல் இருந்த பிள்ளையை நான்தானே தள்ளிவிட்டனான் எண்டு நித்திரை இல்லை. நேர்ஸ் படிப்புப் போனது எனக்கு ஒண்டுமில்லை ராணி, அதை நான் அண்டைக்கே விட்டிட்டன். இதை விடேலாமல் போச்சு."

 அந்தப் பெண் கோபித்திருப்பார், சபித்திருப்பார், மறந்திருப்பார் என்று யோகராணி எத்தனையோ நினைத்திருக்கிறாள். இதை நினைக்கவில்லை. அவள் தன் பயத்துக்கும் வெட்கத்துக்கும் காவல் இருந்ததில், இங்கே ஒருத்தி கொலைப்பழியைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

"ஒவ்வொரு கார்த்திகையும் செத்த ஆத்துமாக்களுக்குப் பூசை வைக்கிறது. பேர் எழுதிக் குடுக்கவேணும். நான் உம்மை எழுதிக் குடுத்துக்கொண்டு வாறன், ஒரு வருசம் தப்பாமல்," என்றார் மெலனி அக்கா. "முதல் வருசம் சாமியார் பேர் கேட்டார். உம்மட முழுப்பேர் எனக்குத் தெரியாது. வெறும் ராணி எண்டு குடுக்க மனம் வரேல்லை. நீர் போனது என்ர பேரிலதானே? மெலனி எண்டே எழுதிக் குடுத்தன்."

இரத்தினவேல் நிமிர்ந்தார். "உங்கட பேரையோ? செத்த ஆக்களின்ர பட்டியலிலயோ?"

"ஓம் தம்பி. மெலனியின்ர ஆத்துமாவுக்கு எண்டு சாமியார் வாசிப்பார். நான் முன் வாங்கில இருந்து ஆமென் சொல்லுவன். பக்கத்தில இருக்கிற சனம் என்னைத் திரும்பிப் பாக்கும்." சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். திடீரென்று எழும்பினார். "எத்தனை மணி? இந்த வருசமும் போன ஞாயிறு எழுதிப்போட்டன். பூசைக்கு முதல் போகவேணும். எழும்பும்."

கோயிலில் சனிக்கிழமைப் பின்னேரப் பூசைக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, அதன்மேல் விரித்தபடி செத்தவர்களின் பெயர் எழுதுகிற பெரிய புத்தகம். மெலனி அக்கா பக்கத்தைப் புரட்டினார். அந்தோனிப்பிள்ளைகளுக்கும் சவிரியம்மாக்களுக்கும் நடுவில், நீல மையில், மெலனி.

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து யோகராணியிடம் கொடுத்தார். "வெட்டும்."

"உங்கட பேரக்கா. அதை நான் எப்பிடி வெட்டுறது?"

"இது என்ர பேர் இல்லை. அண்டைக்கு உமக்குத் தந்தது. நீர்தான் வெட்டவேணும்."

எத்தனையோ நினைவுச் சின்னங்களுக்கு முன்னால் நின்று விளக்கம் சொன்ன இரத்தினவேல் இரண்டு அடி பின்னால் நின்றார்.  யோகராணி குனிந்தாள்.  மற்றப் பெயர்களில் முட்டாமல் ஒரு கோடு இழுத்தாள், கோணலாகத்தான் விழுந்தது. மெலனி அக்கா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வடிவாகப் பார்த்தார். பிறகு அவளுடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன் வாங்கில் தனக்குப் பக்கத்தில் இருத்தினார்.